ஒற்றர் கதையும் ஒரு பெண்ணின் ஈகமும்



ஒரு நாட்டினர் தம்மை எவ்வாறு எண்ணிப் பெருமிதம் கொள்கின்றனர் என்பதை அந்நாட்டு ஒற்றர் புதினங்கள் காட்டிவிடும்.

இயான் பிளெமிங்கு 1953-இல் சேம்சு பாண்டு என்னும் ஒற்றனைப் படைத்தார். 1947-இல் இந்தியாவை இழந்திருந்த பிரித்தானியம், 1956-இல் சூயசிலும் தலைகுனிந்தது. மண்ணிற் சரிந்த பெருமையை ஏட்டில் நிமிர்த்தினான் அவ் ஆண்மகன். அக்கதைகளிற் பெண்ணோ பெரும்பாலும் மயக்கும் பாவை. அன்றேல் அவனால் மீட்கப்படும் பேதை. முதற்கதையின் நாயகி வெசுபர், இரண்டகம் செய்து தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

உண்மை வரலாறு யாது? நூர் இனாயத்து கான், இந்தியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் மாசுக்கோவிற் பிறந்தவர். செருமானியர் பிடியிலிருந்த பிரான்சுக்குப் பிரித்தானியம் 1943-இல் அனுப்பிய முதற் பெண் கம்பியில்லாச் செய்தியாளர் அவரே. உடன் உழைத்தோர் சிறைப்பட்ட பின்னும் பாரிசை விட்டு நீங்காது செய்தி விடுத்தார். பிடிபட்டு, 1944-இல் தாக்கௌ முகாமிற் கொல்லப்பட்டார்.

கதை போற்றும் ஆங்கில ஆண்மகனின் இலக்கணம் ஒன்றேனும் அவரிடம் உண்டா? இல்லை! ஆயினும் 1949-இல் சியார்சு சிலுவை அவர்க்கே வழங்கப்பட்டது.

திரைப்படம் 1995-இல் பாண்டுக்குப் பெண்ணொருவரைத் தலைவராக்கியது. பிரித்தானிய அயல்நாட்டு உளவுத்துறை பெண்ணைத் தலைமையில் அமர்த்தியதோ 2025-இல்தான்!

நாட்டுப்பற்றுக்குப் பிறப்பும் அளவன்று, பாலும் அளவன்று. ஈகமே அளவு. புதினம் படிக்கும் இளையோர் இதனை நெஞ்சிற் பதிக்க!