கடல் கடந்த ஊதியமும் கைப்பொருளும்



பொருள் தேடிக் கடல் கடப்போர் பிரயாணத்துக்கு வேண்டிய யாவற்றையும் எண்ணியெண்ணி ஆயத்தஞ் செய்கின்றனர். ஆனால், இங்கே விட்டுச் செல்லும் ஒரு பாதுகாப்பை எண்ணுவோர் சிலரே.

இலங்கையில் தனியார் துறை ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 பங்கும், முதலாளியிடமிருந்து 12 பங்கும் மாதந்தோறும் ஊழியர் சேமலாப நிதியைச் சேர்கின்றன. அவர் மறந்திருந்தாலும் ஊதியத்தின் ஐந்திலொரு பங்கு முதுமைக்கென வளர்கின்றது. சவூதி அரேபியாவில் நம்மவருக்கு இவ்வேற்பாடு இல்லை. அங்கே நிறுவனங்களில் உழைப்போருக்கு வேலை முடிவிற் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்தாண்டுகளுக்கு அது ஆண்டொன்றுக்கு அரைமாத ஊதியமே. நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு!

ஆகவே, எஞ்சியதைத் தாமே சேர்த்தல் வேண்டும். வீட்டுக்கு அனுப்புமுன் ஐந்திலொரு பங்கைப் பிரித்துத் தம் பெயரிலுள்ள கணக்கில் இடுக. உறவினர் கணக்கிற் சேரும் பணம் கலியாணமாகவும் கூரையாகவும் கரைந்துவிடும். அது அவர்தம் குற்றமன்று, தேவை அத்தகையது.

அச்சேமிப்பில் ஒரு பகுதி வெளிநாட்டு நாணயக் கணக்கில் இருத்தல் நன்று. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. சவூதி றியாலோ 1986 முதல் டொலருக்கு 3.75 என நிலைபெற்றுள்ளது. ரூபாவில் மட்டும் சேர்த்தவரின் பல்லாண்டு உழைப்பு சில வாரங்களிற் சுருங்கிற்று.

குடும்பத்தைத் தாங்கியவர் முதுமையிற் பிறர் கையை எதிர்பார்த்தல் தகுமா? முதன்மாத ஊதியத்திலேயே தொடங்குக.