பக்கத்தின் நினைவு யாரிடம்?

மதிப்பெண் பதிவுப் பக்கம் ஒன்றை ஜாவாவில் உருவாக்க மாணவருக்குக் கற்றுத்தருவதாகக் கொள்வோம்.

1999இல் வந்த ஜேஎஸ்பி-யில் ஒவ்வொரு பெட்டியின் நிலையையும் நாமே கவனித்தாக வேண்டும். 2004இல் வந்த ஜேஎஸ்எஃப் அந்தச் சுமையை ஏற்றது. பெட்டி, பொத்தான் எல்லாம் தனித்தனிக் கூறுகள். அவற்றின் நிலையைச் சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளும். விக்கெட்டும் அப்படியே, ஆனால் அதில் எச்டிஎம்எல் தனிக் கோப்பு, ஜாவா தனிக் கோப்பு.

வசதிக்கு விலை உண்டு. நாற்பது பேரின் மதிப்பெண்ணைப் பாதி நிரப்பிவிட்டு வகுப்புக்குப் போய் வந்தால், அமர்வு காலாவதியாகியிருக்கும். டாம்கேட் சர்வரில் வழக்கமான அளவு 30 நிமிடம். சர்வர் மறந்துவிட்டால் அந்த உழைப்பு வீண். கூறுகளின் நிலையை உலாவியிடம் ஒப்படைக்கும் வழியும் ஜேஎஸ்எஃப்-இல் உண்டு.

எந்த முறையானாலும், நிலை யாரிடம் இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கும் என்று முதலில் கேட்க மாணவரைப் பழக்குவோம்.