'வெரி'யும் நமது 'சரியான'வும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில், வட்டக்கச்சியில் நிகழ்த்திய பேச்சு)



ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் யான். "மாஸ்டர், பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் தம்பி வந்து கேட்டார். பெரிய விஷயங்களைப் பேசுவதற்குப் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகையால் யான் ஒரு சிறிய சொல்லை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்திலே 'வெரி' என்று ஒரு சொல் உண்டு. பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் அது தெரியும். கொப்பியில் 'வெரி குட்' வாங்கிக்கொண்டு தாயிடம் ஓடாத பிள்ளை எங்கே இருக்கிறது? இந்தச் சொல்லின் காரணமாக ஒரு கமக்காரருக்கு நேரவிருந்த நட்டத்தை முதலிற் சொல்லுகிறேன்.

2018 ஆம் ஆண்டு மார்கழியில் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறக்கப்பட்டதும், கீழ்ப்புறத்து வயல்கள் வெள்ளத்தில் அமிழ்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். நெல் அப்பொழுது குடலைப் பருவம். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருடைய வயலும் போயிற்று. உதவி செய்ய வந்த ஓர் அமைப்பினர் வயலைப் பார்த்து, ஒரு தொகையைக் குறித்துக்கொண்டு போனார்கள். தொகை போதாது என்பது பெரியவருடைய மனக்குறை. ஆங்கிலத்தில் ஒரு முறைப்பாடு எழுதித் தரும்படி அயலிலுள்ள மாணவன் ஒருவனைக் கேட்டார். "தம்பி, சரியான சேதம் எண்டு எழுது" என்றார். பையன் அகராதியைப் புரட்டி, 'சரியான' என்பதற்குக் 'கரெக்ட்' என்று எழுதிவிட்டான். அதைப் படித்த உத்தியோகத்தர் என்ன விளங்கிக்கொள்ளுவார்? சேதத்தைக் கணக்கிட்டது சரி, தமக்கு ஆட்சேபம் இல்லை என்று இவரே ஒப்புக்கொள்ளுகிறார் என்றுதான். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் உடன்பாட்டுக்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள்!

பையன் என்னிடம் படித்தவன். ஆகவே குற்றத்திற் பாதி என்னுடையது.

ஆனால், அன்பர்களே, அந்தப் பிழைக்குள்ளே ஒரு புதினம் கிடக்கிறது. 'சரியான வெயில்', 'சரியான பசி', 'சரியான சேதம்' என்று நாம் சொல்லும்போது, 'சரி' என்ற சொல் தன் சொந்தப் பொருளை விட்டு மிகுதிப் பொருளுக்கு வந்துவிடுகிறது. ஆங்கிலேயருடைய 'வெரி'யும் இதே வழியால் வந்ததுதான். இலத்தீன் மொழியில் 'வேருஸ்' என்றால் உண்மையானது என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக, ஏறக்குறைய 13 ஆம் நூற்றாண்டில், ஆங்கிலத்துள் நுழைந்தது. அப்போது 'வெரி நைட்' என்றால் மிகுந்த வீரன் அல்லன், மெய்யான வீரன். உண்மையாகவே நல்லது என்று சொல்லிச் சொல்லி, உண்மை தேய்ந்து 'மிக நல்லது' என்று ஆயிற்று. எங்களுக்குச் 'சரி' தேய்ந்தது; அவர்களுக்கு 'மெய்' தேய்ந்தது. 'ரைட் ஒனரபிள்' என்ற பட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே 'ரைட்' என்பதும் சரி என்ற சொல்லே. பொருளோ மிகுந்த கௌரவம்.

இன்னும் கேளுங்கள். 'வெரி' வருமுன் பழைய ஆங்கிலத்தில் வழங்கியது 'சுவீதே' என்ற சொல். அதன் அடிப்பொருள் வலிமை. இங்கே நாம் "வலு கெதியாய் வா" என்கிறோம்; "வலு திறம்" என்கிறோம். அதே எண்ணம்! 'ஃபுல்' என்பதையும், நிறைவு என்ற பொருளை விட்டு, 'மிக' என்ற பொருளில் அவர்கள் ஆண்டார்கள். தமிழ்நாட்டார் 'ரொம்ப' என்பது 'நிரம்ப' என்பதன் திரிபு. ஜேர்மானியர் 'மிக' என்பதற்குச் 'சேர்' என்பர். அதன் ஆதிப்பொருள் நோவு. இப்பொழுது பையன்கள் "பயங்கர வடிவு" என்று சொல்லக் கேட்கிறேன். பயங்கரத்தில் வடிவு எங்கேயிருந்து வந்தது என்று பெரியவர்கள் கோபிக்கிறார்கள். கோபிக்க வேண்டாம். ஆங்கிலேயரும் 'ரெரிபிளி நைஸ்' என்று இதையேதான் சொல்லுகிறார்கள்.

நிற்க. நமது இலக்கணகாரர் இதை அறியாதவர்களல்லர். உறு, தவ, நனி என்ற மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்றார் தொல்காப்பியர். 'வெரி' ஆங்கிலத்துக்குள் நுழைந்த அந்த 13 ஆம் நூற்றாண்டை ஒட்டியே பவணந்தி முனிவரும் நன்னூலைச் செய்தார். அவர் சால, உறு, தவ, நனி, கூர், கழி என ஆறு சொற்களை ஒருங்கே வைத்தார். அவற்றுள் இன்று எவை நம் வாயில் இருக்கின்றன? 'சாலச் சிறந்தது' என்று மேடையில் வருகிறது. 'கழிபேருவகை' என்று வாழ்த்துமடலில் வருகிறது. அடுப்படியில் ஒன்றும் இல்லை. மிகுதிச் சொல்லுக்கு ஆயுசு குறைவு. எல்லாரும் எல்லாவற்றுக்கும் எடுத்து ஆள, அதன் கூர் மழுங்குகிறது. உடனே வேறொன்றைத் தேடுகிறோம்.

தமிழுக்கு வேறொரு செல்வமும் உண்டு. அடைமொழி போடாமலே சொல்லை மடித்து மிகுதி காட்டும் வித்தை அது: வெள்ளை வெளேர், பச்சைப் பசேல், கன்னங்கரிய, தன்னந்தனி, நட்டநடுச் சாமம். மழைக்குப் பின் நம்முடைய வயல்வெளியைப் 'பச்சைப் பசேல்' என்று சொல்லிவிட்டு, அதையே 'வெரி கிறீன்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். சக்கை மாத்திரம் மிஞ்சும்.

சோதனைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. தமிழில் 'மிக' என்பது பெயரடைக்கு முன்னும் வரும், வினைக்கு முன்னும் வரும். 'மிகப் பெரியது' என்போம், 'மிக விரும்பினான்' என்றும் சொல்லுவோம். 'வெரி' வினைக்கு முன் தனியே நில்லாது. 'ஐ வெரி லைக்' என்று எழுதினால் புள்ளி போய்விடும். 'வெரி மச்' என்று பின்னே போடவேண்டும். ஒப்பிட்டுச் சொல்லும்போது 'வெரி பெற்றர்' என்று வராது. 'மச் பெற்றர்' என்பதே முறை. இதைவிடப் பெரிய பொறி, இரண்டு என்ற எண்ணைப் போல ஒலிக்கும் 'ரூ' என்ற சொல். 'வெரி' மிகுதியை மட்டும் சொல்லும். 'ரூ' அளவு கடந்துவிட்டது என்று சொல்லும். "கறி நல்ல உறைப்பு" என்றால் விருந்தாளி இன்னும் ஓர் அகப்பை கேட்பார். "உறைப்புக் கூடிப்போச்சு" என்றால் தண்ணீர் கேட்பார். முன்னது 'வெரி', பின்னது 'ரூ'. மருந்துக் குளிகையைப் பற்றி வைத்தியரிடம் பேசும்போது இதை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

'வெரி' தன் பழைய பொருளை முற்றாக மறக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 'த வெரி மான்' என்றால் 'அந்த மனிதனேதான்'. 'த வெரி டே' என்றால் 'அன்றைக்கே'. இலக்கணத்தில் தேற்றேகாரம் என்று நாம் படிக்கிறோமே, அதன் வேலையை இங்கே 'வெரி' செய்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும்போது அது இன்னும் 'மெய்' என்றுதான் பேசுகிறது.

பெரியவருடைய கடிதத்துக்கு வருகிறேன். பதிலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டாம் கடிதத்தை யான் எழுதினேன். எத்தனை ஏக்கர், எத்தனை நாள் நீர் நின்றது, விதைநெல்லும் பசளையும் எவ்வளவு, உழவுகூலி எவ்வளவு, எந்தப் பற்றுச்சீட்டு இருக்கிறது, எது வெள்ளத்தோடு போயிற்று என்று ஒவ்வொன்றாய் எழுதி, தமிழிற் சொல்லிக் காட்டினேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"மாஸ்டர், எல்லாம் கணக்காய்த்தான் இருக்கு. ஆனால் என்ரை கவலை உதுக்குள்ளை எங்கை?"

எனக்குச் சங்கடமாய்ப் போயிற்று. உத்தியோகத்தருக்குக் கவலை வேண்டாம், கணக்குத்தான் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "அண்ணை, வேறை என்ன எழுதவேணும்?" என்று கேட்டேன். "அது என்ரை ஐயா காடு வெட்டித் திருத்தின வயல். அதே வயல். இடம்பெயர்ந்து போய் வந்தும் நான் விக்கேல்லை" என்றார்.

அதை ஒரு வசனமாகச் சேர்த்தேன். 'த வெரி ஃபீல்ட்' என்று எழுதினேன். அந்தக் கடிதம் முழுவதிலும் 'வெரி' வந்தது அந்த ஓரிடத்தில்தான். இரண்டு கிழமையில் ஆட்கள் மீண்டும் வந்து வயலை அளந்தார்கள். கிடைத்த தொகை அவர் எதிர்பார்த்த அளவு இல்லை; முன்னையதிலும் கூட. எழுதிய பையன் இப்பொழுது ஆங்கிலத்தில் நல்ல சித்தியோடு தேறி, அயலாருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிறான். 'சரியான' என்று யாராவது சொன்னால், பேனையை வைத்துவிட்டு, "எவ்வளவு?" என்று கேட்கிறானாம்.