கத்திரி வெயிலில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு



போன மே மாதம், கத்திரி உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னை மந்தைவெளியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மொட்டை மாடிக்கு நேர் கீழே அவன் அறை. கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. அக்கா குக்கர் வைத்திருந்த சமையலறையில்கூட அவ்வளவு சூடு இல்லை.

"மாமா, பத்து நிமிஷம் நல்லா ஓடுது. அப்புறம் கேம் இழுக்க ஆரம்பிச்சுடுது. ஃபேன் சத்தம் வேற தாங்கல. இன்னும் ரெண்டு ஃபேன் வாங்கிப் போட்டா சரியாயிடுமா?" என்றான்.

திரையின் மூலையில் கிராஃபிக்ஸ் கார்டின் சூடு ஓடிக்கொண்டிருந்தது. 81, 82, 83. அதற்கு மேல் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம், அந்த இடத்தில் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அவன் வைத்திருப்பது ஜிஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3070. அந்த வகைக் கார்டுகள் பலவற்றில் 83 டிகிரிதான் இலக்காக வைக்கப்பட்ட எல்லை. அதைத் தொட்டதும் கார்டு நிதானிக்கும். விளையாடுகிறவனுக்கு அது 'கேம் இழுக்குது' என்று தெரியும்.

இந்த ஒரு கார்டு முழு வேலை செய்யும்போது 220 வாட் மின்சாரம் எடுக்கும். எடுப்பது அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வரும். பையன் விளையாட உட்கார்ந்தால், பூட்டிய அந்தச் சின்ன அறைக்குள் இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்த மாதிரி. கம்ப்யூட்டரின் மற்ற பாகங்களையும் சேர்த்தால் மூன்று பேர்.

இவ்வளவு வெப்பத்தில் பெரும்பகுதி புறப்படும் இடம் இரண்டு சென்டிமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு சில்லு. ஒரு தபால் தலை அளவுதான். அங்கிருந்து வெப்பத்தைக் கிளப்பிக்கொண்டு போவது அதன் மேல் படிந்திருக்கும் செப்புக் குழாய்கள். அந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது என்பதை நம் வீட்டு இட்லிப் பானையை வைத்தே சொல்லிவிடலாம். அடியில் தண்ணீர் கொதிக்கிறது, ஆவி மேலே போகிறது, மூடியில் பட்டுக் குளிர்ந்து துளித்துளியாகச் சொட்டுகிறது. செப்புக் குழாய்க்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் குழாயை மூடியிருப்பதால், 50, 60 டிகிரியிலேயே அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். ஆவி குழாயின் மறுமுனைக்கு ஓடி, அங்கே இருக்கும் அலுமினியத் தகடுகளிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர் சில்லுக்குத் திரும்பி வருவது, அகல் விளக்கில் எண்ணெய் திரியில் ஏறுகிற அதே முறையில். குழாயின் உட்சுவரில் பொடியாகப் படிந்திருக்கும் செம்புதான் திரி. உள்ளே மோட்டார் கிடையாது, ஓடித் தேயும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்காத வேலைப்பாடு இது.

தகடுகளுக்கு வந்த வெப்பத்தை ஃபேன் ஊதித் தள்ளுகிறது. எந்தக் காற்றை வைத்து ஊதுகிறது? அறையில் இருக்கிற காற்றை. நம் ஊர்ப் பிள்ளைகள் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். வேலையும் ஃபேன் வேகமும் மாறாதவரை, கார்டுக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் ஏறக்குறைய மாறாது. 25 டிகிரி அறையில் 70 காட்டும் கார்டு, 37 டிகிரி அறையில் 82 காட்டும். வெளிநாட்டில் ஒருவர் குளுகுளு அறையில் சோதித்துவிட்டு 'இந்தக் கார்டு சூடாகாது' என்று சொல்வார். அவர் சொல்வது அவர் அறைக்குச் சரி. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31ஆம் தேதி 45 டிகிரி பதிவானது. நமக்கு மதியத்துக்கு மேல் கடல் காற்று வர வேண்டும்; அது தாமதமான நாளில் ஊரே வெந்துபோகிறது. மயிலாப்பூரும் அடையாறும் கடலுக்குப் பக்கம் என்பதால் தப்பித்தாலும், நாள் முழுக்க வெயில் குடித்த மொட்டை மாடித் தளம் இரவு பத்து மணி வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும்.

புது ஃபேன் வாங்குவதற்கு முன் கேபினெட்டைத் திறந்து பார்க்கலாம் என்றேன். மெயின் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பக்கவாட்டுக் கதவைக் கழற்றினோம். கார்டைக் கழற்றித் திருப்பிப் பிடித்தபோது பையன் வாயடைத்துப்போனான். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில், சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு விரித்த மாதிரி தூசி. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். கிழியாமல் முழுசாக உரிந்து வந்தது. அதில் தலைமுடி இருந்தது, பஞ்சு இருந்தது. வெள்ளையாக நறநறவென்று சிமென்ட் தூளும் இருந்தது. மெட்ரோ ரயில் வேலைக்காக மயிலாப்பூரையும் பனகல் பார்க்கையும் தோண்டத் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கத்து வீடுகளில் காலையில் துடைத்த மேசையில் மாலையில் பெயர் எழுதலாம். அந்தத் தூள்தான் இங்கேயும்.

தூசி எப்படிச் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று பையன் கேட்டான். அவன் தினமும் கல்லூரிக்குப் போகும் வழியிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் சொல்லும் கட்டடம், 1842இல் ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பகுதிக்கு அதனால்தான் வந்தது. அமெரிக்காவில், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை வெட்டி, ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலில் ஏற்றி அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதம் கடலில் கிடந்து, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்தும், சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. காப்பாற்றியது, சுற்றிலும் அடைத்திருந்த தூள். தூளுக்கு நடுவே நகர முடியாமல் சிக்கிக்கொள்ளும் காற்று, வெப்பத்தை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு விடாது. ஐஸ் கட்டிக்கு அது வெளிச்சூட்டை உள்ளே விடவில்லை. கார்டின் தகடுகளில் படிந்த தூசி உள்சூட்டை வெளியே விடவில்லை. போதாததற்கு, காற்று போகும் இடுக்கையும் அடைத்துவிட்டது.

மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். காற்றடிக்கும் ப்ளோயர் இருந்தால் நல்லது. ஆனால் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது கண்மண் தெரியாமல் சுழன்று பேரிங் கெட்டுப்போகும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கேபினெட் இருந்த இடம். பிளைவுட் கம்ப்யூட்டர் மேசையின் அடியில், மூன்று பக்கமும் அடைத்த பொந்துக்குள் அதைத் திணித்து வைத்திருந்தான். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. வால்வு ரேடியோ வைத்திருந்த மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும்: பின்னால் துளை போட்ட அட்டை இருக்கும், அதைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அப்பா சத்தம் போடுவார். அந்த விதி இன்னும் மாறவில்லை. கேபினெட்டை வெளியே இழுத்து, கிழக்கு ஜன்னல் பக்கமாக ஒரு சின்ன ஸ்டூலில் வைத்தோம். பின்னால் ஒரு முழம் இடம் விட்டோம்.

கேபினெட் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கிறவர்கள் நிறையப் பேர். அன்றைக்கு நாலைந்து டிகிரி இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே மாதத்தில் அந்தக் கம்பளி மறுபடி விரிந்துவிடும். பல்லியும் உள்ளே போகும். ஏர் கூலரைக் கேபினெட் முன்னால் வைப்பதோ இன்னும் மோசம். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். கூலரால் குளிரவும் வைக்க முடியாது, மேற்கொண்டு ஈரத்தைச் சர்க்யூட் மேல் ஊதும். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் இருப்பவர்களுக்கு இதோடு உப்பும் சேரும். கார்டைப் பிடித்திருக்கும் திருகாணியிலேயே துருவைப் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்தபின் 83 என்பது 79 ஆனது. மீதி வேலையை ஒரு பைசா செலவில்லாமல் மென்பொருளில் முடித்தோம். என்னைக் கேட்டால், சென்னையில் கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். அறைக் காற்றை நம்மால் 25 டிகிரி ஆக்க முடியாவிட்டால், கார்டு உண்டாக்கும் வெப்பத்தைக் குறைத்துவிட வேண்டும். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் 'பவர் லிமிட்' என்று ஒரு கோடு இருக்கும். 100இல் இருந்ததை 80க்கு இழுத்தோம். 220 வாட் 176 ஆனது. கேமின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையுமே என்று பையன் பயந்தான். குறைந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. காரணம், சில்லு எடுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடுகிறது. வோல்டேஜை 10 சதவீதம் குறைத்தால், அதே வேகத்தில் மின்சாரம் 19 சதவீதம் குறையும். கார்டின் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் ஏகப்பட்ட வோல்டேஜ் செலவாகிறது.

இன்னொன்று. அவன் மானிட்டர் நொடிக்கு 75 படம்தான் காட்டும். கேமின் முகப்புத் திரையிலோ கார்டு முன்னூறு, நானூறு படம் வரைந்து கொட்டிக்கொண்டிருந்தது. 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் என்ற விளையாட்டின் சோதனைப் பதிப்பை ஓடவிட்டபோது, விலை உயர்ந்த ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் சில செத்தே போயின. சாலிடரிங் பலவீனமாக இருந்த கார்டுகள் அவை. முகப்புத் திரையிலேயே கட்டுப்பாடில்லாமல் ஓடியதை அவை தாங்கவில்லை. பிறகு அந்தத் திரைக்கு வேக வரம்பு வைத்தார்கள். செட்டிங்கில் பையனும் 75 என்று வரம்பு வைத்தான். ஃபேன் சத்தம் இறங்கியதை அடுத்த அறையிலிருந்து அக்காவே கேட்டுவிட்டாள்.

ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டு வைத்துத் தோண்டும் முறை நின்றுபோனது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் முழு வேலை கொடுத்துப் பாருங்கள். சராசரிச் சூட்டுக்கும் 'ஹாட் ஸ்பாட்' என்று காட்டும் சூட்டுக்கும் பத்து, பதினைந்து டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். இருபத்தைந்தைத் தாண்டினால் உள்ளே சில்லின் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். பேஸ்ட் மாற்றிக்கொள்ளலாம், அந்தச் செலவையும் விலையில் பேசிக் குறைத்து வாங்குங்கள்.

அக்காவுக்கு என் கணக்கில் பிடித்தது வேறு. 220 வாட் கார்டு தினம் நாலு மணி நேரம் முழு வேலை செய்தால், இரண்டு மாத பில்லில் கார்டு மட்டுமே 53 யூனிட். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல். பவர் லிமிட்டைக் குறைத்தபின் அது 42. "அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுக்க முடியாதா?" என்று கேட்டாள்.

பையனிடம் நான் சொன்னது: வருஷத்துக்கு இரண்டு முறை கேபினெட்டைத் திற. கத்திரி தொடங்குவதற்கு முன் ஒரு தரம், ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒரு தரம். சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன் உள்ளே சுத்தமாக இருக்கட்டும். அன்று மாலை ஐந்தரை மணிக்குக் கடல் காற்று ஜன்னல் திரையைத் தூக்கியபோது, அதே கேம், அதே கட்டம். திரை மூலையில் 72 என்று இருந்தது.