செல்வம் விலக்குச் சீட்டு அன்று

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.



கோடை பிறந்துவிட்டால் சமவெளியின் வெப்பத்துக்குத் தப்பிக் கொடைக்கானலை நாடி வருவோர் ஏராளம். 1845-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கு முதல் இரு வீடுகளைக் கட்டியதும் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சியே. மலைச்சாலை அமையாத அந்நாளில், பெரியகுளத்துக்கு அருகேயுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து துரைமார்களை டோலியில் வைத்து ஏழைக் கூலிகளே தோளில் சுமந்து மலையேற்றினர். குளிர் ஒருவருக்கு, சுமை மற்றொருவருக்கு! கூலிக்குச் சுமப்பது குற்றமன்று. ஆனால், நாட்டைக் காக்கும் சுமையையும் இவ்வாறே ஏழையின் தோளில் ஏற்றிவிட்டு நாம் நிழலில் அமரலாமா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில், ரோமப் பேரரசின் படையெடுப்பு அச்சுறுத்தியபோது, நபி (ஸல்) அவர்கள் தபூக்கை நோக்கிப் புறப்பட்டார்கள். கடும் வெயில், நெடும் பயணம். மதீனாவிலோ பேரீச்சம் பழங்கள் கனிந்து நின்றன, நிழல் இனித்தது. "இந்த வெப்பத்திலா?" என்று முணுமுணுத்துப் பின்தங்கினர் நயவஞ்சகர்கள். ஏறிச்செல்ல வாகனம் கேட்டு வந்த ஏழை ஸஹாபாக்களோ, அது கிடைக்காமல் கண்ணீர் வடித்தபடி திரும்பினார்கள்.

சூரத்துத் தவ்பா இவ்விரு சாராரைப் பற்றியும் பேசுகிறது. பலவீனர், நோயாளி, செலவுக்கு வழியற்றவர் ஆகியோர் மீது குற்றமில்லை என்கிறது. வசதியிருந்தும் விலக்குக் கேட்டவர்கள் மீதே பழியைச் சுமத்துகிறது. கவனியுங்கள்: அல்லாஹ்விடத்தில் விலக்கு ஏழைக்கு, விசாரணை செல்வந்தனுக்கு!

உலகமோ இதைத் தலைகீழாக்கிவிட்டது. 1863-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அமெரிக்காவில், படைக்கு அழைக்கப்பட்டவர் 300 டாலர் செலுத்தினால் விலக்குப் பெறலாம் என்று சட்டம் வந்தது. அத்தொகை ஒரு தொழிலாளிக்கு எட்டாக்கனி. அவ்வாண்டு ஜூலையில் நியூயார்க் நகரமே கலவரத்தில் எரிந்தது. இது பிற சமூகத்தார் செய்த பிழை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். உதுமானியப் பேரரசில் முஸ்லிம் செல்வந்தரும் பணம் கட்டி விலகிக்கொண்டனர். இன்றைய துருக்கியிலும், பணம் செலுத்தி ஒரு மாதப் பயிற்சியோடு சேவையை முடித்துக்கொள்ளும் முறை 2019-இல் நிரந்தரமாக்கப்பட்டது.

நம் நாட்டில் கட்டாய இராணுவச் சேவை இல்லை. எனவே விலக்குப் பெறப் பணம் கட்டவும் தேவையில்லை. சும்மா இருந்தாலே போதும். 2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேரும் சிப்பாய்க்கு நான்காண்டுப் பணி. நான்கில் ஒருவர் வரையே நிரந்தரமாக்கப்படுவார். மற்றவர் சுமார் 11.71 லட்சம் ரூபாயுடன், ஓய்வூதியமின்றி வீடு திரும்புவார். வசதி படைத்த தந்தையே! இது உம் மகனுக்கு ஏற்றதென்று எண்ணுவீரா? இல்லையென்றால், நீர் உறங்குவதற்காக எவருடைய மகன் விழித்திருக்கிறான்?

"வரி செலுத்துகிறோமே" என்று சிலர் கூறலாம். தபூக்குக்காக அபூபக்ர் (ரலி) தம் உடைமை அனைத்தையும், உமர் (ரலி) பாதியையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அத்தோடு பங்கு முடிந்ததென்று அமர்ந்துவிடவில்லை, தாமும் புறப்பட்டார்கள்.

நம் நாட்டு வரலாற்றிலும் சான்றுகள் உண்டு. 1965 செப்டம்பரில் கேம்கரண் களத்தில் எதிரி டாங்கிகளைத் தகர்த்து உயிர்நீத்து, பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீது ஒரு தையற்காரரின் மகன். 1948 ஜூலை 3-இல் காஷ்மீரத்து ஜங்கரில் வீரமரணமடைந்த பிரிகேடியர் உஸ்மானோ காவல்துறை அதிகாரியின் மகன். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டில் பயின்றவர். அவர் தம் ஊதியத்தில் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளுக்கே செலவிட்டார். ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒரே மண்ணுக்காக இரத்தம் சிந்தினர்.

சகோதரர்களே! சகோதரிகளே! எல்லோரும் சீருடை அணிய இயலாது. ஆயினும், மகன் படையில் சேர விரும்பினால், "அது இல்லாதவர்கள் செய்யும் வேலை" என்று சொல்லித் தடுக்காதீர்கள். போருக்குச் செல்பவரின் குடும்பத்தை நல்ல முறையில் பராமரிப்பவருக்கும் அந்த நன்மையில் பங்குண்டு என்பது நபிமொழியின் கருத்து. உங்கள் தெருவில் படைவீரரின் தாயோ மனைவியோ இருந்தால், அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர்தம் பிள்ளைகளின் கல்விச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். நான்காண்டு முடித்துத் திரும்பும் இளைஞருக்கு உங்கள் கடையில், நிறுவனத்தில் வேலை கொடுங்கள். டிசம்பர் 7 கொடி நாளன்று சில்லறையைத் தேடாமல் தாராளமாக வழங்குங்கள்.

செல்வம் அமானிதம். "நீ எங்கே செலவிட்டாய்?" என்று கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு. அந்நாளின் வெப்பத்துக்குத் தப்பி ஏறிச்செல்ல எந்த மலையும் இராது. அர்ஷின் நிழல் ஒன்றே நிழல். அந்நிழலுக்கு உரியவர்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.