இரண்டு விநாடிக்கு ஒரு தடவை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிடம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரே ஒரு கமாண்டைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது, ராத்திரி ஷிஃப்ட். சர்வரில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க் நிரம்பிவிடுமோ என்ற பயத்தில் 'டிஎஃப்' அடிப்பேன். மறுபடி மேல் அம்புக்குறி, என்டர். மறுபடியும் அதே. பக்கத்து சீட் சீனியர் பொறுக்க முடியாமல், "ஏம்ப்பா, கீபோர்டு என்ன பாவம் பண்ணிச்சு? முன்னாடி 'வாட்ச்'னு சேர்த்து அடி" என்றார்.

அடித்தேன். அதே கமாண்ட் இரண்டு விநாடிக்கு ஒரு தடவை தானாக ஓடி, திரையில் அதே இடத்தில் புது எண்ணைக் காட்டியது. 'மைனஸ் டி' சேர்த்தால் மாறிய இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். 1991-ல் டோனி ரெம்ஸ் எழுதிய சின்ன புரோகிராம். இன்றைக்கும் லினக்ஸில் இருக்கிறது. அன்றிரவு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமே, எந்த டைரக்டரி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்க, 'டியூ' கமாண்டை வாட்ச்சில் போட்டேன். விடிந்தும் பேக்கப் முடியவில்லை. காரணம் நான்தான். 'டிஎஃப்' ஃபைல் சிஸ்டம் ஏற்கெனவே வைத்திருக்கும் கணக்கைக் கேட்டு வாங்கும். 'டியூ' ஒவ்வொரு ஃபைலாகப் போய்ப் பார்த்துக் கூட்டும். அது முடிந்த இரண்டாவது விநாடி, வாட்ச் அதை மறுபடி முதலிலிருந்து ஓட்டும். பேக்கப்புக்கு வேண்டிய டிஸ்க்கை நான் வேடிக்கை பார்த்தே பிடுங்கிக்கொண்டிருந்தேன்! காலையில் மேலாளர் முன்னால் நின்று அதை ஒப்புக்கொண்டேன்.

அன்றிலிருந்து, கமாண்டை முதலில் ஒரு தடவை ஓட்டி, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பேன். பிறகு 'மைனஸ் என்' போட்டு இடைவெளி கொடுப்பேன்: லேசானதற்கு 2 விநாடி, கனமானதற்கு 300. லாக் ஃபைலுக்கு வாட்ச்சே வேண்டாம். 'டெயில் மைனஸ் எஃப்' புதிதாக வரும் வரிகளைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

மாணவர்களே, கண்காணிப்பதும் ஒரு வேலைதான். அதையும் அந்த மெஷினேதான் செய்தாக வேண்டும். வெந்ததா வெந்ததா என்று இட்லிப் பானையைத் திறந்துகொண்டே இருந்தால் ஆவிதான் போகும், இட்லி வேகாது.