எங்கிருந்து எத்தனை டிகிரி?

துணைவேந்தர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பட்டம் பெற வந்திருக்கும் பிள்ளைகளே, பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

அழைப்பிதழில் ‘பட்டம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். வீட்டில் அந்தச் சொல் புழங்குவதில்லை. ‘பொண்ணு டிகிரி முடிச்சிட்டா’ என்றுதான் உங்கள் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும்.

காய்ச்சல் 102 டிகிரி. ஏசி 24 டிகிரி. கொத்தனாரின் மூலைமட்டம் 90 டிகிரி. கும்பகோணத்தில் காபிக்கும் டிகிரி உண்டு. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்ததால் வந்த பெயர் என்பார்கள். படியைக் குறிக்கும் ‘கிராடுஸ்’ என்ற லத்தீன் சொல்தான் இதற்கு வேர். ‘கிராஜுவேட்’டும் அதில் பிறந்ததுதான்.

படி என்றால் எங்கிருந்து எண்ணுவது? வெயில் 100 டிகிரி என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவது பாரன்ஹீட்டில். குடை பிடித்துக்கொண்டு போய்விடலாம். செல்சியஸில் 100 என்றால் உலையே கொதித்துவிடும். 1742இல் ஆண்டர்ஸ் செல்சியஸ் முன்வைத்த அளவில் நீர் கொதிப்பது 0, உறைவது 100. பின்னால் வந்தவர்கள்தான் அதைத் தலைகீழாக்கினார்கள். தொடக்கம் தெரியாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை.

சென்னைப் பரங்கிமலைக்கு அருகே 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் இறங்கிய வேலைக்கும் ஒரு தொடக்கம் தேவைப்பட்டது. பூமியின் மேல் ஒரு டிகிரி எவ்வளவு தூரம் என்று அவர் அளக்க நினைத்தார். அதற்கு முதலில் தரையில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோடு வேண்டும். 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப நீட்டி, வெயிலில் அது எவ்வளவு நீள்கிறது என்றும் கணக்கிட்டு, அந்தக் கோட்டை அளந்தார்கள். பிறகு முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே நகர்ந்தார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது, ஏறக்குறைய அரை டன் எடையுள்ள கோணமானி அடிபட்டு நெளிந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே சரிசெய்தார். அந்த அளவைப் பணி பின்னாளில் இமயம் வரை போனது. சங்கிலி பிடித்தவர்களின் பெயர்களை நாம் படிப்பதில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

இன்று உங்களுக்குத் தரும் டிகிரித் தாளில் மதிப்பெண் இருக்கும், வகுப்பு இருக்கும், ஆண்டு இருக்கும். எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்பது மட்டும் இருக்காது. அது வேறொரு தாளில் இருக்கிறது. தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து உங்கள் அப்பா வாங்கிவந்த ‘முதல் பட்டதாரி’ சான்றிதழ் அது.

அந்தச் சான்றிதழோடு இந்தக் கல்லூரிக்குள் வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள். அப்படியே பின்வரிசைப் பக்கம் திரும்புங்கள். உங்கள் அங்கியை அவர்கள் இன்னும் முன்பக்கமாகப் பார்க்கவில்லை.